குரலைத் தாழ்த்தாதே, தம்பி!

தம்பி, உன் தோளில் தொங்கும் அந்தப் பையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். டெஸ்டர், கட்டிங் பிளையர், நாலைந்து ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், தூசி தட்ட ஒரு பழைய பல் பிரஷ், இரண்டு மூன்று ஃபேன் கண்டன்சர். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை மாடிப்படி ஏறுகிறாய்! ஆனால் கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் "என்னப்பா பண்ணிட்டிருக்க?" என்று கேட்டால் மட்டும் "சும்மா, சர்வீஸ் லைன்ல..." என்று முணுமுணுத்துவிட்டுப் பந்திப் பக்கம் நழுவுகிறாய். ஏன்? "ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்! யார் வீட்டில் எதைத் திருடினாய், குரலைத் தாழ்த்த?

தம்பி என்று எழுதினாலும், ஐ.டி.ஐ. முடித்து இந்தத் தொழிலுக்கு வரும் தங்கைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரு சித்திரை மாதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. முதலில் வந்து பார்த்தவர் கையை வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷர் போச்சு, பல ஆயிரம் ஆகும். புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவன் உடனே எதையும் கழற்றவில்லை. பின்பக்கம் குந்தி உட்கார்ந்து காது கொடுத்தான். கம்ப்ரஷர் சில விநாடி முனகியது. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடி அதே முனகல், அதே 'டிக்'. "கிளம்பப் பார்க்குதும்மா, முடியல. ஓவர்லோடு கட் பண்ணுது" என்றான் என் அம்மாவிடம்.

பிளக்கைப் பிடுங்கினான். ரிலேயைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினான். உள்ளே உடைந்த துண்டு கலகலவென்று உருண்டது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கம்ப்ரஷரின் மூன்று பின்களிலும் மல்டிமீட்டரை வைத்தான். காமனுக்கும் ரன்னுக்கும் 12 ஓம், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 18, ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் 30. "பன்னெண்டும் பதினெட்டும் முப்பது. கணக்கு சரியா வருது, காயில் நல்லாத்தான் இருக்கு." பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. புது ரிலே போட்டதும் அந்தக் கம்ப்ரஷர் ஓடத் தொடங்கியது. செலவு சில நூறு ரூபாய்.

தன்னம்பிக்கை என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் விளங்கியது. கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று நூறு தடவை சொல்வதால் வருவதில்லை அது. பன்னிரண்டையும் பதினெட்டையும் கூட்டி முப்பது வருகிறதா என்று பார்க்கிறாயே, அந்தக் கணக்கிலிருந்து வருகிறது! முந்தின நாள் வந்தவர் கையிலும் அதே மல்டிமீட்டர் இருந்திருக்கும். அவர் ஊகித்தார், இவன் அளந்தான். ஊகிக்கிறவனுக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வயிறு கலங்கும். அளந்து பார்க்கிறவனுக்கு எந்த மெஷினின் முன்னாலும் கால் நடுங்காது.

கழற்றிப் பார்த்தே தொழில் கற்றவர் ஒருவர் உண்டு. கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். ஊருக்குள் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அப்படி ஒரு வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவா போனார்? பாகம் பாகமாகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். 1937-இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் கோவையில் உருவானபோது அதில் அவர் உழைப்பு இருந்தது. கழற்றி மாட்டுவதை 'மெக்கானிக் வேலை' என்று சொல்லி உதட்டைப் பிதுக்குகிறவரிடம் இந்தக் கதையைச் சொல்.

அதே கோவையின் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. 2011 முதல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுத்தது. ஓலைக் குடிசை வரைக்கும் மோட்டார் போய்ச் சேர்ந்தது. மோட்டார் போன இடமெல்லாம் கார்பன் பிரஷ் தேயும், பெல்ட் அறும், கண்டன்சர் பலவீனப்பட்டு ஃபேன் சோம்பிச் சுற்றும். போர்வெல் உப்புத் தண்ணீர் வாஷிங் மெஷினின் வால்வை அடைக்கும். நீ வரவில்லையென்றால் அந்த வீட்டில் மறுநாள் இட்லிக்கு மாவு இல்லை, தம்பி!

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். "அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். தலையைச் சொறிந்துகொண்டு "நீங்க பார்த்துக் குடுங்க" என்று நிற்காதே. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இரண்டு வருட ஐ.டி.ஐ. இருக்கிறது, கருகிய காயில்களின் வாடை இருக்கிறது. பழுது எதுவென்று கண்டுபிடிப்பதற்குத்தான் கூலி. ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு இல்லை. தொகையை முதலிலேயே சொல். கழற்றிய பழைய ஸ்பேரை வீட்டுக்காரர் கையில் கொடு. நன்றாக இருக்கும் போர்டைப் 'போச்சு' என்று சொல்லிக் காசு பறிக்கிறவன் உனக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறான், அவனோடு சேராதே. நேர்மையாக இருப்பவன்தான் கூலியைக் கண்ணைப் பார்த்துக் கேட்க முடியும்.

துணிச்சலையும் அசட்டுத்தனத்தையும் குழப்பிக்கொள்ளாதே. "ஷாக் எல்லாம் நமக்குப் பழகிப்போச்சு" என்று மார்தட்டுகிறவனைக் குருவாக வைத்துக்கொள்ளாதே. மைக்ரோவேவ் ஓவனின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். புது ஃபிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ தீப்பற்றும் வாயு. அந்த ஃபிரிட்ஜின் குழாயில் நெருப்பை வைப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்து வைத்து வாயுவை முழுக்க வெளியேற்று. உனக்காக வீட்டில் ஒரு தாய் சாப்பிடாமல் காத்திருக்கிறாள்.

இன்வெர்ட்டர் போர்டு, பி.எல்.டி.சி. ஃபேன் என்று புதிது புதிதாக வருகிறதே என்று மிரளாதே. தெரியாவிட்டால் "தெரியாது, கேட்டுக்கொண்டு நாளைக்கு வருகிறேன்" என்று சொல். சொன்னபடி கற்றுக்கொண்டு போய் நில்!

நாளைக் காலை முதல் போன் வரும். "எவ்வளவு ஆகும்?" என்பார்கள். "பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்ப்பதற்கு இவ்வளவு" என்று தெளிவாகச் சொல். பையைத் தோளில் மாட்டு. மல்டிமீட்டர் உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பு.