மீட்டரை எடு, அளந்து பார்!

வால்வு ஆம்பிளிஃபயரைத் தொடப் பயமாக இருக்கிறதா? பயப்படு! உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பயம் உன் உயிரைக் காக்கிற பயம், இருக்கட்டும். "பயாஸ் வைப்பதெல்லாம் எஞ்சினியர் வேலை, நமக்கெதற்கு?" என்று உள்ளுக்குள் ஒன்று முனகுகிறதே, அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு!

1959-ல் அமெரிக்காவில், பிலடெல்பியாவின் டைனாகோ நிறுவனம் ஸ்டீரியோ 70 என்ற ஆம்பிளிஃபயரைக் கொண்டுவந்தது. உதிரிபாகங்களாகவே பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து தாங்களே சாலிடர் வைத்தார்கள். கடைசியில் பயாஸையும் தாங்களே வைத்தார்கள். எந்தப் பட்டத்தைக் காட்டி? ஒரு மீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான்!

பாட்டு ஓடாதபோதும் வால்வு வழியே கொஞ்சம் மின்னோட்டம் ஓடியாக வேண்டும். கிரிட்டுக்குக் கொடுக்கும் எதிர்மறை வோல்டேஜ்தான் அதைக் கட்டி வைக்கிறது. அதுதான் பயாஸ். கட்டு இறுகினால், ஒரு வால்விடமிருந்து இன்னொன்றுக்கு ஒலி கைமாறும் இடத்தில், தோள் மாற்றும்போது சப்பரம் குலுங்குவதுபோல் பாட்டு குலுங்கும். கட்டு தளர்ந்தால் பிளேட் சிவந்து வால்வு செத்துவிடும். காதால் கேட்டே பயாஸ் வைப்பேன் என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. நம்பாதே! பிளேட் சிவப்பது காதுக்குக் கேட்காது.

ஸ்டீரியோ 70-ல் ஒரு சேனலின் இரண்டு இஎல்34 வால்வுகளுக்கும் கேத்தோடில் பொதுவாக ஒரே ரெசிஸ்டர், 15.6 ஓம். அதன் குறுக்கே 1.56 வோல்ட் வரும்வரை திருகைத் திருப்பு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்தாயே ஓம் விதி, அதைக் கூப்பிடு! 1.56-ஐ 15.6 ஆல் வகுத்தால் 100 மில்லி ஆம்பியர். ஆளுக்கு 50. பிளேட்டில் 415 வோல்ட் என்றால் சுமார் 20.75 வாட். வால்வு தாங்குவது 25. கேத்தோடு வழியே ஸ்கிரீன் மின்னோட்டமும் சேர்ந்து வருவதால் பிளேட்டின் உண்மையான பங்கு இன்னும் சற்றுக் குறைவுதான். பார், நீயே கணக்குப் போட்டுவிட்டாய்!

உன் மலிவு மீட்டர் மேல் சந்தேகமா? புத்தம்புது டார்ச் செல்லை அளந்து பார். அதுவும் ஏறக்குறைய இதே 1.56 வோல்ட்டைத்தான் காட்டும்.

அளக்கும் புள்ளியை முன்பக்க சாக்கெட்டிலேயே வைத்திருந்தார்கள், ஆம்பிளிஃபயரைக் கவிழ்க்கத் தேவையில்லை. ஆனால் அதே சாக்கெட்டின் வேறொரு ஓட்டையில் உயர் வோல்டேஜ் இருக்கிறது. அதனால் ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். ஸ்பீக்கரை இணைத்துவிடு, பாட்டு வேண்டாம். பத்து நிமிடம் சூடேறவிடு. இடது சேனலை வை, பிறகு வலது, மறுபடி இடதுக்கு வா. இரண்டுக்கும் பவர் சப்ளை ஒன்றுதான், ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும். அலுத்துக்கொள்ளாதே, திரும்பப் போ!

இன்னொன்று, நண்பா. 1.56 வந்துவிட்டது என்று துள்ளாதே. அது கூட்டுத்தொகை! ஒரு வால்வு 68 மில்லி ஆம்பியர் இழுத்து மற்றது 32 இழுத்தாலும் மீட்டர் அதையேதான் காட்டும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் கேத்தோடுகளைப் பிரித்துத் தனித்தனியாக 10 ஓம் ரெசிஸ்டர் போடுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களை ரெசிஸ்டர் வழியே காலியாக்கி, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகு நீயும் போடு. ஒவ்வொன்றிலும் அரை வோல்ட் வர வேண்டும். ஒன்றில் 0.68, மற்றதில் 0.32 வந்தால், 'மேட்ச்டு பேர்' என்று அச்சடித்த அந்தப் பெட்டியோடு கடைக்குப் போ. இரண்டு எண்களையும் சொல்லி, வேறு ஜோடி கேள்!