மகளுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறோம்?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம் பெண்பிள்ளைகளைப் பக்தியிலும் ஒழுக்கத்திலும் வளர்க்கிறோம் என்று சந்தோஷமாய்ச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பக்தி அவர்களுக்குப் பெலன் கொடுக்கிறதா, அல்லது அவர்கள் வாயை அடைக்கிறதா?

பல வருஷமாக ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிற நான் கண்டது ஒன்று உண்டு. மனப்பாட வசனப் போட்டியில் பெரும்பாலும் பெண்பிள்ளைகளே பரிசு வாங்குகிறார்கள். ஆனால் "இதற்கு என்னம்மா அர்த்தம்? நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நாம் பழக்கினது அப்படி. நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் புகழ வேண்டுமானால் என்ன சொல்கிறோம்? "ரொம்ப நல்ல புள்ள, இருக்கிற எடமே தெரியாது." இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதுதானா வேதம் போதிக்கிற நற்குணம்?

இந்தக் கேள்விக்கு நம் காவேரி மண்ணிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620-ல் டென்மார்க் தேசத்தாருக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். 1706 ஜூலை 9-ந் தேதி அந்தக் கடற்கரையில் சீகன்பால்க் ஐயர் வந்து இறங்கினார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். மறுவருஷமே, 1707-ல், பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது 1715-ல்தான். கவனியுங்கள், புத்தகம் வருவதற்கு முன்பே அதை வாசிக்கப்போகிற பெண்களை அவர் ஆயத்தப்படுத்திவிட்டார்!

ஏன் அப்படிச் செய்தார்? ஒவ்வொரு ஆத்துமாவும் தேவனுடைய வார்த்தையைத் தானே வாசித்து அறிய வேண்டும் என்பது அவருடைய விசுவாசம். அப்பா சொன்னார், போதகர் சொன்னார் என்றால் போதாது. கடைசி நாளில் அவளவள் தானே தேவனுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். ஆனால் இதில் ஒரு காரியம் இருக்கிறது. வசனத்தை வாசிக்கத் தெரிந்தவள் பத்திரத்தையும் வாசிப்பாள். வசனத்துக்கு அர்த்தம் கேட்டவள், தனக்குச் செய்யப்படுகிற காரியத்துக்கும் அர்த்தம் கேட்பாள். அங்கேதான் நாம் தயங்குகிறோம். "படிச்சா திமிரு வந்துடும்" என்கிறோம்.

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நமக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பண்டித ரமாபாய் அம்மையாரை (1858–1922) அறிவீர்கள். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கலாகாது என்றிருந்த காலத்தில் அவருடைய தகப்பனார் மனைவிக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1883-ல் ரமாபாய் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அங்கிருந்த சபைப் பெரியவர்கள் தாங்கள் சொல்லுகிறதற்கு அப்படியே கீழ்ப்படியச் சொன்னபோது, தேவன் தனக்கும் மனசாட்சியையும் பகுத்தறிகிற புத்தியையும் கொடுத்திருக்கிறார் என்று தாழ்மையாய், ஆனால் உறுதியாய்ப் பதில் எழுதினார். பின்பு பூனாவுக்கு அருகே கேட்காவில் முக்தி மிஷனை நடத்தினார். விதவைகளும் பஞ்சத்தில் அனாதையான பெண்பிள்ளைகளும் அங்கே படித்தார்கள், ஜெபித்தார்கள். நெசவும் அச்சுவேலையும்கூடக் கற்றார்கள். 1905-ல் சுமார் எழுபது பேராய்த் தொடங்கின ஜெபக்கூட்டம் சில மாதங்களில் ஐந்நூறு பேருக்கு மேல் பெருகிற்று. அந்த ஜூன் மாதக் கடைசியில் எழுப்புதல் பற்றி எரிந்தது. அசூசா தெரு எழுப்புதலுக்கு அது ஏறக்குறைய ஒரு வருஷம் முந்தினது.

ஆவியானவர் யார்மேல் இறங்கினார்? உலகம் இருக்கிற இடம் தெரியாமல் ஒதுக்கிவைத்த பிள்ளைகள்மேல்! யோவேல் தீர்க்கன் மகன்களோடு மகள்களையும் சேர்த்துத்தானே சொன்னார்? அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை சபையில் அந்நியபாஷை பேசுகிற பிள்ளைக்கு, திங்கட்கிழமை வீட்டில் தாய்ப்பாஷையில் தன் மனதைச் சொல்ல இடமில்லை என்றால், நாம் யாரை மதிக்கிறோம்?

"அப்படியானால் கீழ்ப்படிதல் வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கீழ்ப்படிதல் வேண்டும். ஆனால் எபேசியர் ஆறாம் அதிகாரத்தில், பெற்றாருக்குக் கீழ்ப்படியச் சொல்லுகிற இடத்தில் 'கர்த்தருக்குள்' என்ற வார்த்தை இருப்பதைப் பாருங்கள். அதுவே எல்லை. சிப்பிராளும் பூவாளும் பார்வோனுடைய கட்டளையைத் தள்ளினார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார். மனசாட்சியும் தவறிப்போகக் கூடும், மெய்தான். அதனால்தான் சிறுவயதிலேயே வசனத்தால் அதைப் பழக்க வேண்டும். வரப்பு இல்லாவிட்டால் வயலில் தண்ணீர் நிற்காது. ஆனால் மடையையே அடைத்துவிட்டால் வயலுக்குத் தண்ணீரே வராதே!

ஆகையால் நம் வீடுகளில் மூன்று காரியங்களைச் சோதித்துப் பார்ப்போம்.

முதலாவது, வாசிக்காமல் கையெழுத்துப் போடச் சொல்லாதிருங்கள். தகப்பன் காலமானபின் மகள்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், "அண்ணனுக்குத்தானே, போடும்மா" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நம் சபைக் குடும்பங்களிலும் நடக்கிறது. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவத் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேக்கு முன்பாக நின்று நிலம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். மகள் பத்திரத்தை வாசித்து, மனதார விட்டுக்கொடுத்தால் அது அன்பு. வாசிக்க விடாமல் வாங்கினால் அதற்கு வேறு பெயர் உண்டு.

இரண்டாவது, குடும்பத்துப் பாரத்தை அவள் படிப்பின்மேல் இறக்காதிருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷங்களில் குறுவை போய்விடும், கடன் ஏறிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் புரோக்கர்கள் வந்து, மூன்று வருஷம் நூல் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாய்ப் பணம் என்று சொல்லி, 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் எத்தனையோ டெல்டா பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். வரதட்சணையோ 1961-ம் வருஷத்திலிருந்தே சட்டப்படி குற்றம். அதைக் கேளாமல் பெண் எடுக்கிற வாலிபனைச் சபை உண்டாக்கட்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. இப்படிப்பட்ட உதவிகளை விசாரித்து, ஏழை விசுவாசியின் மகளுக்கு மனு எழுதிக்கொடுப்பதும் ஊழியமே.

மூன்றாவது, அவள் அழுதுகொண்டு வந்து சொன்னால் நம்புங்கள். தாமாருக்கு அநியாயம் நடந்தபோது அண்ணன் அப்சலோம் அவளைச் சும்மா இருக்கச் சொன்னான். தகப்பன் தாவீது கோபப்பட்டான். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. "சபைப் பேர் கெட்டுடும்" என்று நாமும் மூடிவைத்தால் அதே பாவத்தைத்தான் செய்கிறோம். செய்தவன் சொந்தக்காரனானாலும் ஊழியக்காரனானாலும், 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பது குற்றம். தொடுகிறவன் யாராயிருந்தாலும் "வேண்டாம்" என்று சத்தமிடக் கற்றுக்கொடுப்பதும் ஆவிக்குரிய பாடம்தான்.

இப்படி வளர்த்தால் பெற்றாருக்கு நஷ்டமே இல்லையா? இருக்கிறது. அவள் ஒருநாள் உங்களிடமே வேதத்தைத் திறந்து, "அப்பா, இது சரியா?" என்று கேட்பாள். அன்று கோபப்படாதிருங்கள். நீங்கள் கற்றுக்கொடுத்த வசனம் அவளுக்குள் உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

நம் மகள்களுக்காக முழங்காலில் நிற்போம். எழுந்தபின் அவர்கள் பேசுவதைக் கேட்போம். கர்த்தர் தாமே உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.