விதைத்தவருக்குக் கூலி உண்டு



அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டில் நாம் வானம் பார்த்து விதைக்கிறோம். விளைச்சல் நம் கையில் இல்லை. தர்மமும் அப்படித்தான் என்பதற்கு டில்லியில் ஒரு பாடம் உண்டு.

2020 ரமளான் தொடக்கத்தில், கொரோனாவிலிருந்து குணமடைந்த தப்லீக் ஜமாஅத்தினர் பலர் அங்கே பிளாஸ்மா கொடுத்தார்கள். இரத்தத்தின் நீர்ப்பகுதியே பிளாஸ்மா. நோயை வென்றவருடையதில் அக்கிருமியை எதிர்க்கும் சக்தி இருக்கும்; அது பிறரையும் காக்கும் என்று நம்பினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்தது. இறப்பு குறையவில்லை. 2021 மே மாதம் அது சிகிச்சை முறையிலிருந்து நீக்கப்பட்டது.

அப்படியானால் கொடுத்தது வீணா? இல்லவே இல்லை! அல்லாஹ் நிய்யத்தைப் பார்க்கிறான். ஆனால் பயனில்லை என்று தெரிந்த பின்பும் அதையே பிடித்துக்கொண்டிருப்பது அறிவாகாது. அறிவும் அவன் தந்த அமானிதமே.

வெறிநாய் கடித்த காயத்தில் போடும் எதிர்ப்பு மருந்து, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் பிளாஸ்மாவிலிருந்தும் தயாராகிறது. பிரசவத்திலும் விபத்திலும் இரத்தமே உயிர் காக்கிறது. உடல்நலமுள்ளோரே, மருத்துவர் கேட்டால் கொடுக்கத் தயங்காதீர்கள். விளைவை அவனிடம் விட்டுவிடுங்கள்.

வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.