யாருடைய வாத்து?

தன் சொந்த நிலத்தில் ஒருவன் ஒரு நற்செயலைச் செய்கிறான். அதன் பயனோ அவனது வேலியைத் தாண்டிப் பறந்து போய்விடுகிறது. அவனைத் தருமவான் என்பதா, ஏமாளி என்பதா? ஒழுக்கவியல் நூல்கள் இத்தகைய வினாக்களை வானத்தில் வைத்து ஆராயும். நாம் இதனைச் சேற்றில் வைத்து ஆராய்வோம். வட அமெரிக்கக் கமக்காரர் சிலர், காட்டு வாத்துகளை வரவழைக்கும் நோக்குடன் தம் காணிகளில் அமைக்கும் சிறு ஈரநிலமே நமது உதாரணம்.

கனடாவின் புல்வெளி மாகாணங்களிலிருந்து டக்கோட்டா, மினெசோட்டா ஊடாக அயோவா வரை பரந்த சமவெளியில், பண்டைப் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது எண்ணற்ற சிறு பள்ளங்கள் தோன்றின. மழைநீரும் பனிநீரும் தேங்கிய அப்பள்ளங்களே அக்கண்டத்து வாத்துகளின் தொட்டில். அவற்றைப் பயனற்ற சேறு என்றே அரசு கருதியது. 1849, 1850, 1860 ஆம் ஆண்டுச் சட்டங்கள், நீரை வடித்துப் பயிர்நிலமாக்குவதற்கெனச் சதுப்பு நிலங்களை மாநிலங்களிடம் கையளித்தன. கமக்காரரோ நிலத்தின் கீழே சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்து நீரை ஓட்டினர். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக, 1780களில் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 22 கோடி ஏக்கராக இருந்த ஈரநிலம் 1980களில் 10 கோடி ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. அயோவாவில் நூற்றுக்கு 89 பங்கு அழிந்தது.

இதற்குத் தனிமனிதனின் பேராசையை மாத்திரம் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று. அடமானமும் வட்டியும் கழுத்தை நெரிக்க, விளைச்சலின் விலையை எங்கோ உள்ள சந்தை நிர்ணயிக்க, ஒவ்வொரு முழ நிலத்தையும் உழுதே தீரவேண்டிய நிலையில் அவன் இருந்தான். வடிப்பதே முன்னேற்றம் என்று அவனுக்குப் போதிக்கவும் பட்டது.

இழந்த குளத்தை இன்று மீட்பவன் பெரும்பாலும் புதிதாக எதையும் தோண்டுவதில்லை. முன்னோர் புதைத்த குழாயை உடைக்கிறான். தாழ்ந்த மண் அணையொன்றும் சிறு மதகொன்றும் அமைக்கிறான். அடியில் களிமண் இருப்பின் நீர் தங்கும். ஆழம் வேண்டியதில்லை. தலையை நீருள் கவிழ்த்து மேயும் வாத்துக்கு முழங்காலளவு நீரும் அதிகமே. கோடையில் மதகைத் திறந்து நீரை இறக்கினால், ஈரச் சேற்றில் புல்பூண்டுகள் தாமே முளைத்து விதை தரும். இலையுதிர் காலத்தில் நீரைத் தேக்கினால் அவ்விதைகள் உணவாகும். வசந்தத்தில் ஆழமற்ற நீர் முதலில் சூடேறிப் புழுபூச்சிகள் பெருகும். முட்டையிடும் பெட்டைக்கு அவை இன்றியமையாதவை. அப்பூச்சிகளைத் தின்றுவிடும் ஆதலால் அக்குளத்தில் மீன் விடுவது தவறு. பல வாத்தினங்கள் கூடு கட்டுவது நீரிலன்று, அயலிலுள்ள உயர்ந்த புல்லில். எனவே குளத்தைச் சுற்றிப் புல்லையும் விட்டுவைக்க வேண்டும். சோளம் விளையக்கூடிய அந்நிலமே உண்மையான ஈகை.

இவ்வளவும் செய்தபின் நடப்பது யாது? ஒருவன் காணியில் பொரித்த குஞ்சு இன்னொருவன் வயலில் மேய்ந்து, ஆயிரம் மைல் தெற்கே மூன்றாமவன் துப்பாக்கிக்கு இரையாகிறது. குளத்தின் செலவு ஒருவனுக்கு, வாத்து எல்லோருக்கும். தனியுடைமைக் கணக்கில் இது நட்டமே. குளங்கள் அழிந்ததன் இரகசியமும் இதுவே. மனிதர் தீயவராக இருக்கவேண்டியதில்லை. தனித்தனியே கணக்குப் பார்ப்பவராக இருந்தாலே போதும், பொதுச்சொத்து அழிந்துவிடும்.

"வேட்டைக்காகத்தானே குளம் கட்டுகிறார்கள்? கொல்வதற்காக வளர்ப்பது எவ்வாறு அறமாகும்?" என வினவுவோர் உளர். வினா நியாயமானது. 1934 முதல் அந்நாட்டு வாத்து வேட்டைக்காரர் வாங்கவேண்டிய முத்திரையின் பணத்தால் ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் காக்கப்பட்டுள்ளது. அதே வேட்டைக்காரர் இறைத்த ஈயக் குண்டுகள் குளத்தடியில் கிடந்து, அவற்றை விழுங்கிய பறவைகளை நஞ்சூட்டின. வாத்து வேட்டையில் ஈயத்தை நாடெங்கும் தடைசெய்ய 1991 வரை செல்லவேண்டியிருந்தது. நோக்கம் மனிதனைப் பற்றி நமக்குச் சொல்லும். விளைவு உலகைப் பற்றிச் சொல்லும். ஒன்றைக்கொண்டு மற்றதை மறைத்தல் ஆகாது. வேட்டையாடுபவனின் குளத்தில் தவளையும் தும்பியும் வாழ்கின்றன. அதனால் அவன் துப்பாக்கி தூய்மையடைவதுமில்லை.

இன்னொரு வினா இதனினும் கடினமானது. நிலமில்லாதவன் எவ்வாறு குளம் கட்டுவான்? அயோவாப் பயிர்நிலத்தில் ஏறத்தாழப் பாதி குத்தகை நிலம். குத்தகைக்காரனுக்கு மனமிருந்தாலும் குழாயை உடைக்க உரிமையில்லை. அந்நிலத்தின் பழங்குடிகளுக்கோ நிலமே பறிபோயிற்று. 1862 இல் குடியேறிகளுக்குத் தலைக்கு 160 ஏக்கர் வழங்கும் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு மினெசோட்டாவில் டக்கோட்டா மக்கள் போரில் தோற்றனர். அடுத்த ஆண்டு அம்மாநிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். நற்செயல் செய்வதற்கும் சொத்து வேண்டுமென்ற சமுதாயத்தில், அறங்கூட ஒரு வர்க்கத்தின் சலுகையாகிவிடுகிறது.

ஆகவே "தனிமனிதனின் குளம் வீண், அமைப்பை மாற்றுவதே வழி" என்று கூறிவிடலாமா? நம் அணியிலேயே பலர் இவ்வாறு கூறிக் கைகட்டி இருப்பதுண்டு. இதனை நான் ஏற்கேன். மேடைப்பேச்சு முடியும்வரை வாத்து முட்டையிடாமல் காத்திராது. எனினும் குளம் கட்டியவனும் அத்துடன் தன் கடன் தீர்ந்ததென்று கருதலாகாது. 1985 இல் இயற்றப்பட்ட சட்டம், ஈரநிலத்தை வடித்துப் பயிரிடுவோருக்கு அரசு உதவியை மறுத்தது. ஒருவனின் நல்லெண்ணம் செய்ய முடியாததைப் பொதுவிதி செய்தது. 2023 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஆறு ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்பற்ற ஈரநிலங்களிலிருந்து மத்திய நீர்ச் சட்டத்தின் காவலை நீக்கியது. தனித்துக் கிடக்கும் அச்சிறு பள்ளங்கள் பல மீண்டும் உடைமையாளரின் மனச்சாட்சியை நம்பி நிற்கின்றன. மனச்சாட்சி பெருமைக்குரியது, ஆனால் காணி கைமாறும்போது அது உறுதியில் எழுதப்படுவதில்லை.

மாரி காலத்தில் மன்னார் வங்காலைக் கரையில் ஊசிவால் வாத்துகள் இறங்குவதைக் கண்டோர் நம்மிடையே உளர். வடக்கே தொலைதூர நாடுகளில் யாரோ வடிக்காது விட்ட நீரில் பிறந்தவை அவை. அவர்களை நாம் அறியோம். அவர்களும் நம்மை அறியார். அவர்கள் விட்டுவைத்த நீருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, நம் ஊர்க் குளத்தைத் தூர்க்க வருபவனைத் தடுப்பதும், அத்தடையைச் சட்டமாக்கப் போராடுவதுமே.