மேசைமேல் சிப்பாய்கள்

"சாமி, இது பாவமா?"

ஆம்பூரில் தம் வீட்டுத் திண்ணையில் நம்மை அமரவைத்து ஒரு தாய் இவ்வாறு கேட்டார். அவருடைய மூத்த மகன் இராணுவத்தில் சேர்ந்து எல்லைக் காவலில் நிற்கிறார். கம்மவான்பேட்டை போன்ற படைவீரர் ஊர்களைக் கொண்ட வேலூர் வட்டாரத்திற்கு அது புதிதன்று. இளைய மகனோ தோல் தொழிற்சாலை ஒன்றில் நிறமேற்றும் பிரிவில் பணி செய்கிறார். இரவில் வீடு திரும்பியதும் விளக்கடியில் அமர்ந்து, கட்டைவிரலில் பாதி உயரமே உள்ள உலோகச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுகிறார். ஞாயிறு மாலைகளில் நண்பர்களோடு அவர்களை மேசைமேல் அணிவகுத்துப் போர் நடத்துகிறார். "பெரியவன் அங்கே துப்பாக்கியோட நிக்கிறான். சின்னவன் இங்கே சண்டையை விளையாட்டா ஆடுறான். எனக்கு மனசு ஒப்பலை, சாமி" என்றார் அத்தாய்.

உள்ளே சென்று பார்த்தோம். மேசைமேல் இருந்தது நம் ஆம்பூரேதான். 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் இங்கு நடந்த போரை அந்த இளைஞர் அமைத்திருந்தார். ஒருபுறம் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன். மறுபுறம் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும், அவர்களுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையும். இருமுறை பின்னடைந்த பிரெஞ்சுக்காரர் மூன்றாம் தாக்குதலில் அரணை உடைத்தனர். யானைமேல் இருந்த நவாப் சுடப்பட்டு இறந்தார். இளைஞர் அளவுகோலால் தூரத்தை அளந்தார், பகடையை உருட்டினார், விழுந்த எண்ணுக்கேற்ப நான்கு சிப்பாய்களை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். மேசை மீண்டும் துப்புரவாயிற்று.

இதில் பாவம் எங்கே இருக்கிறது? விளையாட்டையே குற்றமென்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. உடலைப் போன்றே மனமும் களைப்படைகிறது என்றும், அதற்கு ஓய்வு தருவது விளையாட்டே என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் விளக்குகிறார். போரை விளையாட்டாக்குவதும் புதிதன்று. நம் நாட்டுச் சதுரங்கம் என்னும் பெயரே நால்வகைப் படையைக் குறிப்பதுதானே?

ஆயினும் அக்குவினாஸ் ஓர் எல்லை வகுக்கிறார்: விளையாட்டு பிறருக்குத் தீங்காகக் கூடாது, மனத்தின் நிதானத்தை முற்றிலும் கரைத்துவிடவும் கூடாது. இந்த எல்லை மேசைப் போரில் எங்கே விழுகிறது? ஒரே மேசை இருவேறு பாடங்களைக் கற்பித்ததை வரலாறு காட்டுகிறது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த போர்விளையாட்டு, மெய்யான போருக்குப் படைத்தலைவர்களைப் பழக்கும் கருவியாயிற்று. 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் முறையை ஒரு நூலாக்கினார். இதை ஆடிப் பார்ப்பவர் மெய்யான போர் எத்துணைத் தடுமாற்றமான செயல் என்பதை உணர்வார் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே உலகப்போர் மூண்டது. ஆகவே மேசையைப் பழிப்பதில் பயனில்லை. அதைப் பார்க்கும் கண்ணையே ஆராய வேண்டும்.

மேசையருகே நிற்பவர் மேலிருந்து பார்க்கிறார். அது தளபதியின் பார்வை. அப்பார்வைக்கு அணிகள் தெரியும்; ஆட்கள் தெரிவதில்லை. ஆம்பூர்ப் போரில் நவாபின் பெயரும் பிரெஞ்சுத் தளபதிகளான தோத்தேய், புஸ்ஸி ஆகியோரின் பெயர்களும் நமக்குத் தெரியும். அன்று மண்ணில் வீழ்ந்த சிப்பாய்களின் பெயர்களைக் கேட்டால் நாம் வாய்மூடி நிற்க வேண்டியதுதான்.

ஆனால் வண்ணம் தீட்டும் நேரத்தில் நிலைமை மாறுகிறது. அப்போது அந்த இளைஞர் ஒரே ஒரு சிப்பாயைக் கண்ணருகே பிடித்திருக்கிறார். கம்பெனிச் சிப்பாய் ஒருவரைக் காட்டி, "சாமி, இவர் தலைப்பாகைக்கு என்ன நிறம் சரியாயிருக்கும்?" என்று அவர் வினவியபோது, பதிலாக நாம் வேலூர்க் கோட்டையை நினைவூட்டினோம். சென்னைப் படையின் சிப்பாய்கள் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும், தாடியை மழிக்க வேண்டும், அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் கூடாது என்று ஆணைகள் பிறந்தன. மறுத்தவர்களுள் சிலருக்குக் கசையடி விதிக்கப்பட்டது. கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தார் உள்ளிட்ட வேறு காரணங்களும் சேர, 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லெஸ்பி வந்தபின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பலர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். பின்னர் அந்தத் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. இறந்தவர் எவரும் திரும்பவில்லை.

ஆணையிட்டவருக்கு அது சீருடையில் ஒரு சிறு மாற்றம். தூரிகை பிடித்தவருக்கு இரண்டு கோடுகள். அணிய வேண்டியிருந்தவருக்கோ தம் சமயமும் தம் வீட்டார் முன் தலைநிமிர்ந்து நிற்கும் மானமும் அதில் அடங்கியிருந்தன. மேலிருந்து பார்க்கும் கண் இதைக் காணத் தவறியதே அன்றைய கேடு. தோலின் நிறம் ஓர் இழை மாறினாலும் கண்டுபிடித்துவிடும் அந்த இளைஞருக்கு இதை மேலும் விளக்கத் தேவை இருக்கவில்லை. சற்று நேரம் அந்தச் சிப்பாயைக் கையிலேயே வைத்திருந்தார்.

புறப்படுமுன் ஒன்றைச் சொன்னோம்: "வீழ்ந்தவர்களைப் பெட்டிக்குள் வைக்காதே, தம்பி. ஆட்டம் முடியுமட்டும் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்."

"அப்படின்னா மத்தவங்களை நகர்த்த வழியிருக்காதே, சாமி?"

"மெய்யான போரிலும் அப்படித்தான்" என்றோம்.

திண்ணையில் காத்திருந்த தாயிடம், "பாவம் இல்லை அம்மா. ஆனால் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, அவ்வப்போது அவனிடமும் கேளுங்கள்" என்றோம். எண்ணிக்கையாக மாறிப்போன மனிதரை மீண்டும் முகமாகக் காண்பதற்கு அந்தத் தாயின் கலக்கம் நமக்கெல்லாம் தேவைப்படுகிறது. மேசையருகே நிற்பவருக்கு மட்டுமன்று. நாளிதழில் போர்ச் செய்தி படித்து, மாண்டவர் தொகையைக் கண்டு, அடுத்த பக்கம் புரட்டும் நமக்கும்தான்.