விரதமும் பசியும்

புதுக்கோட்டைச் சீமையில் சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், வழவழப்பாக இழைத்த கற்படுக்கைகளின் மேல் சமண முனிவர்கள் தவமிருந்தார்கள் என்பதற்கு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய எழுத்துக்கள் அங்கே சாட்சியாக நிற்கின்றன. சரீரத்தை ஒரு பொருட்டாக எண்ணாது, உண்ணாநோன்பால் உயிர் நீப்பதையும் உத்தம விரதமாகக் கொண்ட அந்த வைராக்கியத்தை நான் வணங்குகிறேன். ஆயினும், உடல் அநித்தியம் என்னும் அவ்வுபதேசத்தைப் பசித்த பாலகன் ஒருவனிடம் சொல்ல எவருக்கு அதிகாரம் உண்டு?

துறவு என்பது, துறப்பதற்கு ஒன்றை உடையவர் தம் சம்மதத்தோடு செய்யும் காரியம். இன்னும் வளர்ந்து நிரம்பாத தேகத்தை ஒரு குழந்தை எவ்வாறு துறக்கும்? அண்ணன் தம்பிமார் உண்டபின் சட்டியில் எஞ்சியதைத் தின்று, இரத்தம் குன்றி முகம் வெளிறிய சிறுமியைப் பொறுமைசாலி என்று மெச்சும்போது, விரதத்துக்கு உரிய புகழைப் பட்டினிக்குச் சூட்டிவிடுகிறோம். வினைப்பயன் என்று சொல்லித் தப்புவாரும் உண்டு. ஊழைப் பற்றிய சிந்தனை தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவனுக்கு உதவுமே அல்லாது, அடுத்த வீட்டுப் பிள்ளையின் நோய்க்குக் காரணம் காட்டி வாளாவிருக்க உதவாது.

இதே மாவட்டத்து ஆவுடையார்கோயிலில், மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறையில், கருவறையில் லிங்கம் இல்லை. ஆவுடையார் என்னும் பீடம் மட்டுமே உண்டு. அருவமாய் விளங்கும் ஆத்மநாதருக்குப் புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் ஆவி பறக்கக் கொட்டி, அந்த ஆவியையே நிவேதனமாக்குகிறார்கள். ஆத்மாக்களின் நாதனே ஆவியை மட்டும் ஏற்றுக்கொண்டு சோற்றைச் சரீரமுடையவர்களுக்கு விட்டுவிடுகிறான் என்றால், உடலைப் பேணுவது ஆன்மிகத்துக்குப் புறம்பு என்று நாம் எப்படிச் சொல்வது? எத்தனை சாஸ்திர விசாரம் செய்தாலும் இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிட்டவில்லை.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்பிள்ளைகள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே மன்னரின் அனுமதியால் சேர்ந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1930-இல் ஆதரவற்ற பெண்குழந்தைகளுக்காக ஔவை இல்லத்தைத் தோற்றுவித்தது உடலைப் பேணும் இந்தத் தர்மத்தின் ஒரு பகுதியே. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-இல் தொடங்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலைச் சிற்றுண்டியும் அதனையே அரசின் கடமையாக்கின.

ஆனால் காலைச் சிற்றுண்டி தொடக்கப்பள்ளியோடும், சத்துணவு பத்தாம் வகுப்போடும் நின்றுவிடுகின்றன. உடல் முதிர்ந்து உதிரம் இழக்கத் தொடங்கிய வயதில், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பலர், காலையில் வெறும் தேநீரோடு பேருந்து ஏறுகிறார்கள். திருவிழாதோறும் அன்னதானப் பந்தல் போடுகிற நம் ஊர்க் கோயிற்காரர்கள், பள்ளி நாட்களில் அப்பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறும் கீரையும் அளிக்க முன்வந்தால், ஆத்மநாதர் சந்நிதியில் நடப்பதும் பள்ளித் திண்ணையில் நடப்பதும் ஒரே பூஜை என்றே நான் கொள்வேன்.