கொடையும் கடனும்: இங்கிலாந்தின் வாடகை இல்லங்களில் ஆற்றல் வறுமை

முன்னுரை

குளிரில் நடுங்கிய மயிலுக்குப் பேகன் போர்வை ஈந்த செய்தி புலவர் உலகம் நன்கறிந்தது. அது கொடை, ஈயாதிருப்பினும் எவரும் அவனைக் குற்றம் கூறார். தன் வீட்டை வாடகைக்கு விட்டுப் பொருள் பெறும் ஒருவர், அதில் வாழ்வோர் குளிரால் வருந்தாமற் காப்பது கொடையா, கடனா? இங்கிலாந்தின் தனியார் வாடகை இல்லங்களை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆற்றல் வறுமை

வீட்டைப் போதிய வெப்பத்தில் வைத்திருக்கும் செலவைத் தாங்க இயலாமையே ஆற்றல் வறுமை எனப்படும். குறைந்த வருவாய், உயர்ந்த எரிபொருள் விலை, வெப்பத்தைத் தேக்காத கட்டடம் ஆகிய மூன்றும் இதன் காரணங்கள். இவற்றுள் மூன்றாவது குடியிருப்பவரின் கையில் இல்லை. சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு அமைக்கும் செலவு உரிமையாளருடையது. அதனால் எரிபொருட் கட்டணம் குறையும் பயனோ குடியிருப்பவருடையது. செலவும் பயனும் இவ்வாறு பிரிந்து நிற்றலின் சந்தை இதனைத் தானே தீர்த்துவிடுவதில்லை.

சட்டமும் எல்லையும்

இதனைக் களையவே இங்கிலாந்து, வேல்சு பகுதிகளுக்கு 2015இல் விதிகள் இயற்றப்பட்டன. 'ஏ' முதல் 'ஜி' வரையிலான ஆற்றல் தரங்களுள் 'இ'க்குக் கீழ்ப்பட்ட வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடுதல் 2018 ஏப்ரல் 1 முதலும், முன்பே உள்ள வாடகையைத் தொடர்தல் 2020 ஏப்ரல் 1 முதலும் தடுக்கப்பட்டன. எனினும், 3,500 பவுண்டு வரம்புக்குள் அத்தரத்தை எட்ட இயலாத வீட்டுக்கு விலக்குப் பதிவு செய்துகொள்ள 2019இல் வழி வகுக்கப்பட்டது. இதனால் உரிமையாளரின் கடன் தீர்ந்ததாகிறது. குடியிருப்பவரின் குளிர் தீர்வதில்லை.

குறையைச் சொன்னால் வீட்டையே இழக்க நேரும் என்னும் அச்சமும் ஈண்டு நோக்கத்தக்கது. 1988ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, காரணம் காட்டாது இரு மாத அறிவிப்பில் வீட்டைத் திரும்பப் பெற உரிமையாளர்க்கு இடமளித்தது. இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் இதனை நீக்க, 2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் வகைசெய்தது. கேட்க அஞ்சுவோர்க்கு உள்ள உரிமை ஏட்டளவினதே ஆதலின், இம்மாற்றம் ஆற்றல் கொள்கைக்கும் இன்றியமையாதது.

எதிர்வாதம்

செலவைச் சுமத்தினால் வாடகை உயரும். அதுவும் வறியவர் தலையிலேயே விழும் என்பர். இது புறந்தள்ளத்தக்கதன்று. ஆயின், செலவை எவ்வாறு பகிர்வது என்பதையே இவ்வாதம் வினவுகிறது. கடன் உண்டு என்பதை மறுக்கவில்லை. சிறு உரிமையாளர்க்குப் பொதுப்பணத்தால் துணைநிற்றல் அரசின் பங்காகலாம். மேலும், குளிர்ந்த வீட்டின் விலையை இப்பொழுதும் ஒருவர் செலுத்தியே வருகிறார். தம் உடல்நலத்தால் செலுத்துகிறார்.

முடிவுரை

சுவரை மாற்றும் அதிகாரம் எவரிடம் உளதோ, அவரிடமே கடனும் உளது. பேகனிடம் மயில் கேட்கவில்லை. அதற்குக் கேட்கவும் இயலாது. குடியிருப்பவர் கேட்க வல்லவர். அவர் அஞ்சாது கேட்கும் நிலை வாய்க்கும்போதே வெப்பம் கொடை என்னும் நிலை நீங்கிக் கடனாகும் என்பது பெறப்படும்.